வந்த கருவியும் சொந்த இசையும்

— பழைய மாணவன், பூவரசங்குளம்

இசைக் கருவிகளுட் சிலவற்றை நம்முடையவை என்றும் வேறு சிலவற்றை அந்நியமானவை என்றும் வகுத்துப் பேசுதல் நம்மவரிடை நெடுநாள் வழக்கம். வீணையும் மிருதங்கமும் நாதசுரமும் நம்முடையவை. கிற்றாரும் மாண்டலினும் பாஞ்சோவும் பிறருடையவை. அந்நியக் கருவி புகுந்தால் மரபிசை கெடும் என்பர் ஒரு சாரார். காலத்துக்கேற்ப எதனையும் ஏற்றல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். ஆயினும், வயலின் எப்பக்கத்தைச் சேர்ந்தது என்று வினவினால் இரு சாராரும் சற்றுத் தயங்குவர். அது மேனாட்டிலிருந்து வந்த கருவி. ஆனால் இன்று அஃதில்லாத கருநாடக இசையரங்கு அரிது.

அங்ஙனமாயின், ஒரு கருவி பிறிதொரு மக்களின் இசையிற் புகுந்து குடியுரிமை பெறுவது எவ்வாறு? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம் பாடசாலைகளிலே இசை பயிலும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்பதும் இதனுள் அடங்கும். இதற்கு விடை காண, மாண்டலின், பாஞ்சோ என்னும் இரு கருவிகளையும் துணையாகக் கொள்வோம். இவை அயர்லாந்து மக்களின் மரபிசையிற் புகுந்த வரலாறும், மாண்டலின் நம் இசையிற் புகுந்த வரலாறும் அருகருகே வைத்து நோக்கத் தக்கவை.

கருவிகள் இரண்டு

மாண்டலின் இத்தாலி நாட்டுக் கருவி. நேப்பிள்ஸ் நகரத்துக் கைவினைஞர் 18ஆம் நூற்றாண்டில் அதற்கு இன்றைய உருவத்தைத் தந்தனர். பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற வயிறு, குறுகிய கழுத்து, எட்டுத் தந்திகள் என்பன அதன் அமைப்பு. எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் நிற்கும். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் ஒலிக்கும். கழுத்தின் மீது, வீணையிற் காண்பது போல, சுரத்தானங்களைக் காட்டும் மெட்டுக்கட்டைகள் உள. சிறு தகடு ஒன்றினால் தந்திகளை மீட்டுவர். பிற்காலத்திலே தட்டையான முதுகுடைய மாண்டலின்களும் தோன்றின. அயர்லாந்தில் இன்று பெரும்பாலும் வழங்குவன அவையே.

மாண்டலினின் நான்கு இணைகளுக்கும் உரிய சுருதி, வயலினின் நான்கு தந்திகளுக்கும் உரிய சுருதியே. அதாவது, ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ளதற்குப் பஞ்சமமாய் அமையும். ஆகவே வயலினில் விரல் பழகியவனுக்கு மாண்டலினில் இடக்கையின் வழி புதிதன்று. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இது பெரிதும் வேண்டப்படும்.

பாஞ்சோவின் பிறப்பு வேறு. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சுரைக்குடுக்கையின் வாயிலே தோல் போர்த்துத் தந்தி கட்டி வாசித்தனர். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட அம்மக்கள், கரிபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் தம் நினைவிலிருந்து அத்தகைய கருவிகளை மீண்டும் உருவாக்கினர். அதன் வழிவந்ததே பாஞ்சோ. வட்டச் சட்டத்தின் மீது இழுத்துக் கட்டிய தோலே அதன் ஒலிப்பலகை. எனவே அதன் நாதம் தெறித்தெழுந்து விரைவில் அடங்கிவிடும். வீணையினது போல நீண்டு நில்லாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடன வாத்தியக் குழுக்களுக்கென நான்கு தந்திகளோடு செய்யப்பட்ட வகையே ரெனர் பாஞ்சோ.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. இந்தியாவின் சில பகுதிகளிற் பாஞ்சோ என்று சொன்னால், பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவைக் கருதுவாரும் உளர். அது யப்பானியக் கருவியொன்றின் வழிவந்தது. தோல் போர்த்தது அன்று. நாம் பேசுவது அதனைப் பற்றியன்று.

உடைந்த யாழும் உடையாத பண்ணும்

அயர்லாந்தின் பழைய கருவி, நம் முன்னோரின் யாழைப் போன்றதொரு நரம்புக் கருவி. அந்நாட்டு அரச இலச்சினையிலும் நாணயத்திலும் இன்றும் அதன் உருவத்தைக் காணலாம். உலோகத் தந்திகள் பூட்டிய அக்கருவியைக் குறுநில மன்னரின் அவைகளில் இசைவாணர் மீட்டினர். ஆங்கில ஆட்சி வலுப்பெற்று அம்மன்னர் குடிகள் வீழவே இசைவாணரும் புரவலரை இழந்தனர். கண்பார்வையற்ற பெரும் இசைப்புலவரான கரோலன் (1670–1738) போன்ற சிலரே ஊரூராகச் சென்று அம்மரபைத் தாங்கினர்.

1792ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் எஞ்சிய யாழோரை அழைத்து ஒரு விழா எடுத்தனர். அயர்லாந்து முழுவதிலுமிருந்து வந்தவர் பத்துப் பேரே. அவருட் பலர் முதியோர்; சிலர் பார்வையற்றோர். அவர்கள் வாசித்தவற்றை எழுதிக்கொள்ளும்படி எட்வேட் பண்டிங் என்னும் 19 வயது இளைஞர் நியமிக்கப்பட்டார். அவர் அன்று எழுதியதோடு நில்லாது, பின்னரும் பல்லாண்டு ஊர்களிற் சுற்றித் தேடி மூன்று தொகுதிகளை வெளியிட்டார். பழைய யாழ் வாசிப்பு முறை அழிந்தது. ஆயினும் கரோலனுடைய இசைகள் அழியவில்லை. இன்று அவற்றை விரும்பி வாசிக்கும் கருவிகளுள் மாண்டலினும் ஒன்று.

இது நமக்குப் புதிய கதையன்று. தமிழரின் யாழும் அழிந்த கருவியே. அதன் இலக்கணத்தை மீட்டெடுக்கச் சுவாமி விபுலாநந்தர் நெடுங்காலம் உழைத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். யாழ் மறைந்தபோதிலும் அதிலெழுந்த பண்கள் ஓதுவார்களின் மிடற்றிலே தேவாரமாக நிலைத்தன. திருத்தருமபுரத்திலே சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க முற்பட்டார் என்றும், பிள்ளையார் அதனைத் தடுத்தருளினார் என்றும் பெரியபுராணம் கூறும். அப்பதிகம் இன்றும் யாழ்மூரி என வழங்கும். குரலில் எழும் இசை முதலானது. கருவி அதற்குப் பின்வருவது. பின்வரும் கருவி முழுவதையும் பற்றிவிடும் என்பதும் இல்லை. இவ்விரு கருத்தையும் அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

அயர்லாந்தின் ஆடலிசை

அயர்லாந்து மரபிசையின் பெரும்பகுதி ஆடலுக்கு உரியது. ஒரு வர்ணமெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாளக்கட்டு நீளும். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க 32 தாளக்கட்டில் ஒரு சுற்று நிறைவுறும். ஜிக் எனப்படும் வகையில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். இது நம் திசிர நடையை ஒக்கும். றீல் எனப்படும் வகையில் அடி நான்காகப் பிரியும். இது சதுசிர நடையை ஒக்கும். மும்மூன்றாக ஒன்பது எண்ணும் வகையும் ஒன்றுண்டு.

சுர அமைப்பை நோக்கினும் நமக்கு அறிமுகமான முகங்களே தோன்றும். அவ்விசைகள் பெரும்பாலும் அமையும் சுரவரிசைகள் மூன்று. அவை நம் மேளகர்த்தாக்களுள் 29ஆவதாகிய தீரசங்கராபரணம், 28ஆவதாகிய அரிகாம்போதி, 22ஆவதாகிய கரகரப்பிரியா ஆகியவற்றின் சுரங்களையே கொண்டவை. சுரவரிசை ஒன்றாயினும் இராகம் ஒன்றாகாது என்பதை இசை பயின்றோர் அறிவர். நம் இராகத்துக்கு உயிர் கமகம். அவர்தம் ஆடலிசைக்கு உயிர் நடையும் துள்ளலும்.

இவ்விசைக்கு ஏற்கெனவே உரியனவாய் இருந்தவை பிடிலும் குழலும், கைமுட்டியால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் பைக்குழலுமாம். பாஞ்சோ அந்நாட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே அமெரிக்கக் கூத்துக் குழுக்களோடு வந்தடைந்தது. ஆனால் அதற்கு உரிய இடம் கிடைத்த வரலாறு புலம்பெயர்ந்தோரின் வரலாறாகும். 1845 முதல் அயர்லாந்தைப் பீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்துணைப் பேர் நாட்டை விட்டகன்றனர். நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் குடியேறியோர் தம் ஊர் இசையைப் புதிய மண்ணில் வாசித்தனர். 1920களில் நியூயோர்க்கில் வெளிவந்த இசைத்தட்டுக்களிலே, வாற்றபோட்டிலிருந்து சென்ற பிளானகன் சகோதரர்களுள் ஒருவராகிய மைக் பிளானகன் ரெனர் பாஞ்சோவில் ஆடலிசை வாசித்தார். ஸ்லைகோவிலிருந்து சென்ற மைக்கல் கோல்மனின் பிடில் இசைத்தட்டுக்களும் அக்காலத்தனவே. அத்தட்டுக்கள் கடல் கடந்து தாய்நாட்டை அடைந்தன. அவற்றைக் கேட்டே ஊரிலிருந்தோர் புதிய பாணி கற்றனர்.

ரெனர் பாஞ்சோவின் தொடக்கச் சுருதி வேறு. அதனை மாற்றி, வயலினுக்கு ஒரு தாயி கீழாக, ஆனால் வயலினின் வரிசையிலேயே தந்திகளை அமைத்து வாசித்தவர்களுள் தலையானவர் டப்ளின் நகரத்துப் பானி மக்கெனா (1939–2012). 1962இல் தொடங்கிய டப்ளினர்ஸ் என்னும் குழுவிலே அவர் ஐம்பதாண்டுக் காலம் வாசித்தார். அவருக்குப் பின் அச்சுருதியே அயர்லாந்துப் பாஞ்சோவின் பொதுச் சுருதியாயிற்று. இதனால் விளைந்த பயன் யாது? பிடில்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை முழுவதும் அதே விரல்வழியிற் பாஞ்சோவுக்கும் மாண்டலினுக்கும் கிடைத்தது. கருவி தன் பழக்கத்தைக் கைவிட்டு இசையின் வழிக்கு வந்தது.

அணிகளிலும் இவ்வாறே. பிடிலில் வில்லின் ஓட்டத்தாலும் விரலின் தட்டாலும் ஒரு சுரத்தைச் சுற்றி நெளிப்பர். பாஞ்சோவின் நாதம் விரைவில் அடங்குவதால் அந்நெளிப்பு அதிற் பொலிவதில்லை. ஆகவே பாஞ்சோக்காரர் இரு சுரங்களுக்கு உரிய காலத்துள் மூன்று மீட்டுக்களைக் கீழும் மேலும் கீழுமாகச் சொடுக்கித் தெறிக்கச் செய்வர். பிடிலின் அணியைத் தன் மொழியிற் பெயர்த்துச் சொல்லும் உத்தி இது. ஜிக் வாசிக்கும்போது ஒவ்வொரு மும்மையின் முதல் மீட்டும் கீழ்நோக்கியதாய் விழும். ஆடுவோரின் கால் அதனைக் கேட்டே தரையை மிதிக்கும். மாண்டலின் மென்குரலுடையது. இத்தாலியர் அதில் நீண்ட சுரங்களை இடையறாது அதிர்த்து வாசிப்பர். அயர்லாந்தினர் அவ்வதிர்ப்பை அருகியே வழங்குவர். ஆடலின் நடைக்கு அது பொருந்தாதென்பதே காரணம்.

1951இல் நிறுவப்பட்ட அயர்லாந்து மரபிசைச் சங்கம் நடத்தும் பெருவிழாவிலே இன்று இவ்விரு கருவிகளுக்கும் தனிப் போட்டிகள் உண்டு. ஆப்பிரிக்க வழிவந்த கருவி அயர்லாந்துக் கருவியாகிவிட்டது.

நம் இசையில் மாண்டலின்

அயர்லாந்து இசைக்கும் நம் இசைக்கும் முன்னரே ஒரு சந்திப்பு நிகழ்ந்ததுண்டு. சென்னைக் கோட்டையில் ஆங்கில வாத்தியக் குழுவினரின் இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அம்மெட்டுக்களுக்கு வடமொழியிற் சாகித்தியம் இயற்றினார். நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும் அவற்றுள், வந்தே மீனாக்ஷி என்பது லிமரிக் என்னும் அயர்லாந்து மெட்டைத் தழுவியதென ஆய்வாளர் காட்டுவர். அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். வயலினில் மெட்டுக்கட்டை இல்லை. விரல் தடையின்றி வழுக்கும். எனவே கமகம் அதற்கு எளிதாயிற்று.

மாண்டலினுக்கோ தடைகள் இரண்டு. ஒன்று மெட்டுக்கட்டை, மற்றொன்று இரட்டைத் தந்தி. வீணையிலும் மெட்டு உண்டெனினும், வாசிப்போர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிற் பல சுரங்களைப் பிறப்பிப்பர். இரட்டைத் தந்தியை அவ்வாறு இழுப்பின் இரண்டும் ஒரே அளவில் ஏறா, சுருதி பிளவுபடும். நாதமும் நெடிது நில்லாது.

ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லில் 1969இற் பிறந்த உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் இத்தடைகளைக் கடந்தார். இணைகளை நீக்கித் தனித்தந்திகள் ஐந்து பூட்டி, மின்னொலி பெருக்கும் மாண்டலினை அவர் கையாண்டார். தனித்தந்தி இழுப்புக்கு இசைந்தது. மின்னொலி நாதத்தை நீட்டியது. இதனினும் சிறந்த செய்தி அவர் கற்ற முறையாகும். அவருடைய ஆசான் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் அறியாதவர்; செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கராகிய பாடகர். ஆசான் பாடுவார், சிறுவன் கேட்டு வாசிப்பான். பாட்டில் உள்ள வளைவு எவ்வாறேனும் தந்தியில் வரவேண்டும் என்பது ஒன்றே விதி. 1978இற் குடிவாடாவில் நிகழ்ந்த தியாகராச ஆராதனை விழாவில் அவர் முதற் கச்சேரி செய்தபோது அகவை ஒன்பது. தொடக்கத்தில் ஐயுற்ற இரசிகர் பலர் பின்னர் அவர் கச்சேரிகளை நாடிச் சென்றனர். 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014இற் சென்னையிற் காலமானார்.

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டு ஆர்மோனியம். அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. அத்தடை முப்பதாண்டுக்கு மேல் நீடித்தது. நிலைத்த சுரங்களை உடைய அக்கருவியில் கமகம் எழாது என்பது அன்று சொல்லப்பட்ட முதன்மையான குறை. நாடக மேடைக்கும் பசனைக்கும் அது பெருந்துணை புரிந்தது மெய். எனினும் கருநாடக இசையின் நடுவிடத்தை அது பெறவில்லை. பிறந்த நாடு காரணமாயின் வயலினும் விலக்குண்டிருக்கும். கருவியைத் தேர்ந்தது இசையின் இயல்பே.

ஒரே கருவி இரு நாட்டில் எதிர்எதிரான மாற்றங்களைப் பெற்றமை காண்க. அயர்லாந்தினர் இரட்டைத் தந்தியின் கணீரென்ற ஒலியைப் பேணினர். ஆடலுக்கு அது வேண்டும். நம்மவர் அதனை நீக்கினர். கமகத்துக்கு அது தடை.

நமக்குரிய பாடம்

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வழியிலுள்ள எம்மூரிற் சிறுவர் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவர். அது ஒரு பொழுதிற் பிறந்து வாடும் கருவி. ஆயினும் சிறுவன் அதில் ஊத முயல்வது தான் செவியிற் கேட்ட பாட்டையே. அவன் செவியில் எப்பாட்டு விழுகின்றது என்பதே வினா.

வன்னிநிலம் பாட்டுக்கு வறிய நிலம் அன்று. அருவி வெட்டுக்கும் சூடு மிதிப்புக்கும் உரிய பாடல்கள், பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு, முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைப் பற்றிய பாடல்கள் என அது உடைத்தான செல்வம் பெரிது. ஆனால் அரிவாள் இருந்த இடத்தில் அறுவடை இயந்திரம் வந்தபின் வயலிற் பாடுவார் அருகினர். அதன்மேற் போர் வந்தது. 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஏறக்குறைய அனைவரும் இடம்பெயர்ந்தனர். அவருட் பெருந்தொகையினர் எம்மூருக்கு அப்பால் செட்டிகுளத்து மனிக்பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். மத்தளத்தையும் ஆர்மோனியத்தையும் அன்று சுமந்து வந்தவர் யார்? நெஞ்சில் இருந்த பாட்டு ஒன்றே அவர்களோடு வந்தது. அந்நெஞ்சங்கள் மூப்படைகின்றன.

சிக்காகோ நகரத்துக் காவற்றுறைத் தலைவராய் 1901 முதல் 1905 வரை இருந்த பிரான்சிஸ் ஓநீல் அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தவர். தாம் சிறுவயதிற் கேட்ட இசைகள் புதிய நாட்டில் மறைவதைப் பொறாது, தெரிந்த மெட்டுக்களையெல்லாம் திரட்டினார். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. அவர் இசைத்துக் காட்ட, அதே பெயர்க்குடியினரான ஜேம்ஸ் ஓநீல் என்னும் காவலர் எழுதினார். 1903இல் வெளிவந்த அத்தொகுதியில் 1,850 இசைகள் அடங்கின. இன்று பாஞ்சோவோ மாண்டலினோ வாசிக்கும் எவரும் அக்களஞ்சியத்துக்குக் கடன்பட்டவரே.

பண்டிங்குக்குத் தாளும் எழுதுகோலும் இருந்தன. ஓநீலுக்கு எழுதத் தெரிந்த நண்பர் இருந்தார். நம் மாணவர் கையிலோ ஒலிப்பதிவுக் கருவியாகவும் பயன்படும் கைப்பேசி உளது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவன் தன் பாட்டியிடமோ கூத்தாடிய பெரியவரிடமோ ஒரு பாட்டைக் கேட்டுப் பதிதல் அரிய செயல் அன்று. பாடியவர் பெயர், ஊர், எத்தொழிலின்போது எவ்வேளையிற் பாடியது, யாரிடம் கற்றது என்னும் விவரங்களையும் அவர் இசைவுடன் உடன் குறித்தல் வேண்டும். இவை இல்லாத பதிவு முகவரியற்ற கடிதம் போன்றது. புலம்பெயர்ந்து வாழும் நம் பழைய மாணவரும் தம் பெற்றோரிடம் இதனைச் செய்யலாம். அயர்லாந்தின் இசை கடலுக்கு அப்பாலிருந்து ஊர் திரும்பியது போல நம் பாட்டும் திரும்புதல் கூடும்.

பின்னர்க் கருவிக்கு வருவோம். அருவிவெட்டுப் பாட்டொன்றை மாண்டலினில் வாசிக்க விழையும் மாணவன், முதலில் அதனைப் பிழையறப் பாடுக. குரல் எவ்விடத்தில் வளைகின்றது, எவ்விடத்தில் மூச்சு விடுகின்றது, அரிவாளின் வீச்சு எந்த அசையில் விழுகின்றது என்பவற்றை அறிக. அதன்பின் தந்தியைத் தொடுக. இழுத்தற்கு இயலாத இடத்தில் அருகிலுள்ள சுரத்திலிருந்து வழுக்குக; அதுவும் இயலாதாயின் பாஞ்சோக்காரரைப் போல வேறோர் அணியைத் தேடுக. கருவிக்கு வசதி இல்லையென்று பாட்டை நேராக்கிவிடுதல் மட்டும் ஆகாது.

ஆதலின், மாண்டலின் கொண்டு வரும் பிள்ளையை வாயிலில் தடுக்க வேண்டுவதில்லை. நல்ல கருவி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து அமைய வேண்டுவதுமில்லை. அப்பிள்ளைக்குப் பாடிக் காட்ட ஒருவர் இருக்கின்றாரா என்பதையே நாம் பார்த்தல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அப்பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் ஆளுக்கொரு பாட்டைக் கல்லூரி நூலகத்துக்கு அளிப்பாராயின், இந்நிறைவு ஆண்டுக்கு அதனினும் தகுந்த காணிக்கை வேறில்லை.